பட்டாசலில் ஒரு ஸ்மார்ட் கண்ணாடி

கேள்வி:

சங்கரன்கோவிலில் இருந்து எழுதுகிறேன். வீட்டை ஒட்டியே எங்களுக்குத் தறி ஓடுகிறது. காலையில் வீட்டில் எல்லோரும் ஒரு தடவையாவது வந்து நிற்கிற இடம் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், மாட்டியிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிதான். ப்ளஸ் டூ படிக்கிற மகன் யூடியூபில் ஒரு கண்ணாடியைக் காட்டினான். முகமும் தெரிகிறது, அதிலேயே மணி, கிழமை, மழை வருமா வராதா எல்லாம் வெள்ளை எழுத்தில் தெரிகிறது. கடையில் வாங்க நமக்குக் கட்டாது, வீட்டிலேயே செய்துவிடலாம் என்கிறான். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் கோடிங் தெரியாது. தறிக் கணக்கை எக்செல்லில் போடுவேன். என் கம்ப்யூட்டர் அறிவு அதோடு சரி.

நகராட்சித் தண்ணீர் வரும் நாள், தறிக்குப் பாவு நூல் வரும் நாள், திருநெல்வேலியில் படிக்கிற மகளின் பரீட்சை, மாமாவின் மாத்திரை நேரம், ராகுகாலம். இவ்வளவு தெரிந்தால் எனக்குப் போதும். எங்களால் முடியுமா? எதில் தொடங்குவது? இன்னொன்று: ஆறன்முளாக் கண்ணாடி செய்கிறவர்கள் நம் ஊரில் இருந்து போனவர்கள் என்று மாமா அடிக்கடி சொல்வார். அது உண்மையா?

பதில்:

உங்கள் மாமா சொன்னதில் இருந்தே தொடங்குகிறேன். நீங்கள் செய்யப்போகிற வேலைக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

கேரளத்தின் பத்தனம்திட்டை மாவட்டத்தில் பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது ஆறன்முளா. அங்குள்ள பார்த்தசாரதி கோவில் வேலைக்காகப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அரசர் வரவழைத்த, உலோக வேலை செய்யும் கன்னார்க் குடும்பங்கள் சங்கரன்கோவிலில் இருந்து போனவை என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கல்வெட்டு ஆதாரம் போல இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தக் கண்ணாடியைச் செய்கிறவர்களே தங்கள் பூர்வீகமாக உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவருகிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. 2004–05இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கண்ணாடியில் கண்ணாடியே கிடையாது. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகத் தகடு அது. கலவையின் கணக்கைக் குடும்பங்கள் வெளியே சொல்வதில்லை. பெங்களூருவைச் சேர்ந்த தொல்உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து, மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக வெள்ளீயம் இருப்பதைக் காட்டியிருக்கிறார். இந்த அளவுக்கு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் வெளிறி, மிகவும் கடினமாகிவிடும். கீழே விழுந்தால் உடையும். ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறிக்கொண்டே போகும்.

அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. சாதாரணக் கண்ணாடியில் பிம்பம் தருகிற ரசப் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. ஆறன்முளாவில் முன்முகமே பிம்பம் தருகிறது. சாதாரணக் கண்ணாடியில் நகத்தை வைத்துப் பாருங்கள். நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரியும். ஆறன்முளாவில் நகமும் பிம்பமும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த நகச் சோதனையை மறக்காதீர்கள். கண்ணாடிக் கடையில் உங்களுக்கு இதுதான் துணை.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. முடியும். கோடிங் தெரியாததால் இந்த வேலை நிற்காது. யூடியூபில் பார்க்கிற எல்லோரும் கணினிப் பக்கத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆனால் இந்தக் கண்ணாடி நன்றாக வருவதும் வராமல் போவதும் நூற்றுக்குத் தொண்ணூறு வெளிச்சத்திலும், கண்ணாடித் தேர்விலும், சட்டத்திலும் இருக்கிறது. அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் எல்லாம் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்: கண்ணாடி அறுக்கிறவர், சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர், டிவி மெக்கானிக், தச்சர்.

இதன் சூத்திரம் உங்களுக்குப் பழக்கமானதுதான். பொதிகை எக்ஸ்பிரஸில் இரவில் போகும்போது பெட்டிக்குள் விளக்கு எரிந்தால் ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும்; வெளியே ஒரு ஸ்டேஷன் விளக்கு வந்தால் அது மட்டும் முகத்தை ஊடுருவிக்கொண்டு தெரியும். அதேதான் இங்கேயும். இருவழிக் கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். விழும் வெளிச்சத்தில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும், மிச்சத்தில் ஒரு பகுதியை ஊடே விடும். பின்னால் ஒரு திரையை வைக்கிறோம். திரையில் கறுப்பாக இருக்கும் இடத்தில் பின்னாலிருந்து வெளிச்சம் வராது, ஆகவே அங்கே முகம் தெரிகிறது. வெள்ளை எழுத்து இருக்கும் இடத்தில் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் பிம்பத்தை வென்றுவிடுகிறது, ஆகவே எழுத்து தெரிகிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, முழு வித்தையும் இவ்வளவுதான்.

இதில் இருந்து மூன்று முடிவுகள் தாமாக வருகின்றன. ஒன்று, திரைக்கு வெளியே உள்ள பின்பக்கம் முழுவதையும் கறுப்புத் தாளாலோ கறுப்புத் துணியாலோ மூடிவிட வேண்டும். ஒரு விரல்கடை விட்டால்கூட அது வழியாகச் சட்டத்தின் உள்பக்கம் தெரியும். இரண்டு, கண்ணாடி மாட்டும் சுவருக்கு நேர் எதிரே ஜன்னலோ வாசலோ இருக்கக் கூடாது. வெயில் நேரே விழுந்தால் எழுத்து மங்கிப்போகும். வாஸ்து பார்க்கிறவர்கள் வடக்குச் சுவர், கிழக்குச் சுவர் என்பார்கள். நான் பார்ப்பது எதிரே வெளிச்சம் இல்லாத சுவர் ஒன்றைத்தான். மூன்று, திரையின் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்க வேண்டும். பழைய எல்சிடி மானிட்டர்கள் பலவற்றில் கறுப்பு என்பது ஒருவகைச் சாம்பல்தான். இரவில் விளக்கை அணைத்தால் கண்ணாடிக்குள் ஒரு சாம்பல் சதுரம் தெரியும். மானிட்டர் வாங்கும் இடத்திலேயே கறுப்புப் படம் ஒன்றை முழுத்திரையில் போட்டு, கடை விளக்கை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய சரக்கு வாங்கும்போது இதைக் கேட்பது உங்கள் உரிமை.

கண்ணாடிக்கு உங்கள் ஊரில் மூன்று வழி இருக்கிறது. மலிவானது சாதாரணக் கண்ணாடியில் காருக்கு ஒட்டும் வெள்ளி ஃபிலிம். சோதித்துப் பார்க்க நல்லது. ஆனால் குமிழி இல்லாமல் ஒட்டுவது கடினம், பிம்பமும் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். அடுத்தது அக்ரிலிக் தகடு. எடை பாதிக்கும் குறைவு, உடையாது, ஆன்லைனில் வேண்டிய அளவுக்கு அறுத்தே அனுப்புகிறார்கள். ஆனால் இரண்டடிக்கு மேல் போனால் வளையும். வளைந்தால் முகம் கோணலாகத் தெரியும். பங்குனி, சித்திரை வெயிலில் சுவர் சூடாகிற ஊரில் பெரிய அக்ரிலிக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது, கட்டடங்களின் முகப்பில் போடுகிற ரிஃப்ளெக்டிவ் கிளாஸ். இது பெரிய கண்ணாடிக் கடைகளில் கிடைக்கும். நீலம், பச்சை, பழுப்பு என்று சாயம் ஏறியதே அதிகம் இருக்கும். சாயமில்லாத துண்டு மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். சங்கரன்கோவிலில் இல்லாவிட்டால் ராஜபாளையம், திருநெல்வேலி, மதுரை. பிரான்சில் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி கொடுத்த செயின்ட் கோபைன் நிறுவனத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கிறது. இவ்வகைக் கண்ணாடி இன்று நம் ஊர்க் கடை வரைக்கும் வருகிற சரக்குதான்.

கடையில் துண்டைக் கையில் எடுத்ததும் இரண்டு பக்கமும் நகத்தை வையுங்கள். எந்தப் பக்கம் நகமும் பிம்பமும் ஒட்டி நிற்கிறதோ அதுதான் பூச்சுள்ள பக்கம். அந்தப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் முகத்துக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு முகம் தெரியும். பூச்சு முன்னால் இருப்பதால் ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஸ்டிக்கர் பொட்டை இந்தக் கண்ணாடியில் ஒட்டாதீர்கள். பசையைச் சுரண்டும்போது பூச்சும் போய்விடலாம். சட்டத்தின் ஓரத்தில் பொட்டு ஒட்டுவதற்கென்றே ஒரு பட்டை விட்டுவிடச் சொல்லுங்கள். துடைப்பதற்கு உங்கள் தறியில் ஓடுகிற பருத்தித் துணியே போதும்; நியூஸ்பேப்பர் வேண்டாம்.

எடையும் பார்க்க வேண்டும். இரண்டடிக்கு மூன்றடி, 4 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் அது மட்டுமே ஐந்தரை கிலோ வரும். மானிட்டரும் மரமும் சேர்த்தால் பத்துக் கிலோவுக்கு மேல். ஒற்றை ஆணியில் தொங்கவிடக் கூடாது. தச்சரிடம் சொல்லி, ஒரு பலகையைச் சாய்வாக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைச் சட்டத்தின் முதுகிலும் பொருத்தி, ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்படி மாட்டச் சொல்லுங்கள். வேலை இருக்கும்போது தூக்கி எடுக்கலாம், தானாக விழாது.

சட்டம் ஒரு பெட்டி மாதிரி இரண்டரை, மூன்று அங்குல ஆழத்தில் இருக்க வேண்டும். கீழேயும் மேலேயும் காற்றுத் துளைகள் கட்டாயம். சூடு மேலே போக வழி வேண்டும். உங்கள் வீட்டில் தறி ஓடுவதால் இன்னொன்றும் சொல்கிறேன். பஞ்சுத் தூசி அந்தத் துளைகளில் அடைத்துக்கொள்ளும். மெல்லிய கொசுவலையை உள்பக்கம் ஒட்டி, மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுங்கள். தறிக்கூடத்தோடு பொதுவான சுவரில் மாட்டாதீர்கள். நாள் முழுக்க அதிர்கிற சுவரில் திருகாணி தளரும்.

மானிட்டர் 19 அங்குலம் போதும். பழைய சாமான் கடையில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குப் பேசி வாங்கலாம். வாங்கும்போது கேட்க வேண்டியவை: மின் அடாப்டர் வெளியே தனியாக இருக்கிறதா, எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா, பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் பொத்தானை அழுத்தாமலே திரை தானாக எழுகிறதா. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. கரண்ட் போய் வந்த பிறகு பெட்டிக்குள் கையை விட்டுப் பொத்தானைத் தேட முடியாது, அதனால் கேட்டுவிடுங்கள். மானிட்டரின் முன் பிளாஸ்டிக் சட்டத்தை மட்டும் கழற்றலாம். அதற்கு மேல் உள்ளே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். அந்தக் காரியத்தை டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மகன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது மூளைக்கு வருகிறேன். மூன்று பாதைகள். முதல் இரண்டில் கோடிங் அறவே இல்லை.

முதல் பாதை, வீட்டில் கிடக்கும் பழைய டேப்லெட்டோ பெரிய போனோ. சிறிய அக்ரிலிக் துண்டுக்குப் பின்னால் அதை வைத்துவிடலாம். இதை நான் அரைமனதாகவே சொல்கிறேன். எப்போதும் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி மூடிய பெட்டிச் சூட்டில் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். டைமர் பிளக் வைத்து நாளைக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏறும்படி செய்யத் தயாராக இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

இரண்டாவது பாதைதான் உங்களுக்கு என் பரிந்துரை. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் ஒன்று உங்கள் உறவில் எங்காவது பரணில் தூங்கிக்கொண்டிருக்கும். பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரே மின்சாரத்தில் ஓட்டலாம். அதை மானிட்டரோடு இணைத்து, டாக்போர்டு, மேங்கோ டிஸ்ப்ளே போன்ற இணையச் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்குங்கள். இவை சுவரில் மாட்டும் தகவல் பலகைக்காக உண்டானவை. இலவசத் திட்டத்தில் சில கட்டுப்பாடுகள் உண்டு, உங்கள் தேவைக்கு அதுவே போதும். மணி, நாட்காட்டி, வானிலை என்று எது எந்த இடத்தில் என்பதை மவுஸாலேயே அமைக்கலாம். பின்னணியைக் கறுப்பாக வைக்க முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில் திறந்து எஃப் 11 பொத்தானை அழுத்தினால் முழுத்திரை. எக்செல்லில் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இது அரை நாள் வேலை.

மூன்றாவது பாதை ராஸ்பெரி பை. 2012இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பள்ளிப் பிள்ளைகள் கணினி கற்பதற்காக வந்த, உள்ளங்கை அளவுள்ள கணினி அது. நெதர்லாந்தின் மைக்கேல் டேயூ என்பவர் 2014இல் தன் வீட்டுக்காக இப்படி ஒரு கண்ணாடி செய்து, செய்முறையை எல்லோருக்கும் திறந்துவைத்தார். இன்று உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்திருக்கும் மேஜிக் மிரர் மென்பொருள் அதிலிருந்து வந்ததுதான், இலவசம். உங்கள் மகன் யூடியூபில் பார்த்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஒரு ஜிபி, இரண்டு ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெரி பை 4 இதற்கு வசதி. விலை அடிக்கடி மாறுவதால் இரண்டு மூன்று விற்பனையாளர்களிடம் பார்த்து வாங்குங்கள். போன் சார்ஜரைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். மின்சாரம் போதாவிட்டால் திரையின் மூலையில் மின்னல் குறி வரும், அப்புறம் கணினி அடிக்கடி நின்றுபோகும்.

இதிலும் நீங்கள் நிரல் எழுதப் போவதில்லை. நிறுவும்போது சொல்லியிருக்கும் வரிகளைப் பார்த்து அப்படியே ஒட்ட வேண்டும். அதன்பின் கான்ஃபிக் என்ற ஒரே கோப்பில் மாற்றங்கள் செய்ய வேண்டும். அது வங்கியில் சலான் நிரப்புவது போன்றது. ஊரின் அட்சரேகை 9.17, தீர்க்கரேகை 77.54, மொழி, உங்கள் கூகுள் நாட்காட்டியின் முகவரி என்று கேட்ட இடத்தில் கேட்டதை எழுத வேண்டும். வானிலைக்கு ஓபன் மீட்டியோ சேவையைத் தேர்ந்தெடுத்தால் பதிவு எண்கூடத் தேவையில்லை. அந்தக் கோப்பில் எல்லோரும் வழுக்குவது ஓரிடத்தில்தான்: ஒரு காற்புள்ளியோ மேற்கோள் குறியோ விடுபட்டால் திரை வெறும் கறுப்பாக நிற்கும். மாற்றுவதற்கு முன் கோப்பை ஒரு பிரதி எடுத்துவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிழை வந்தால் ஏஐ செயலியிடம் கோப்பைக் காட்டிக் கேட்கலாம், நன்றாகவே திருத்திக் கொடுக்கிறது. ஆனால் வைஃபை கடவுச்சொல்லையும் நாட்காட்டியின் ரகசிய முகவரியையும் அழித்துவிட்டுக் காட்டுங்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். அதை நிறுவினால் சரியாகிவிடும்.

நீங்கள் கேட்ட தகவல்களை எப்படிக் கொண்டுவருவது? அத்தனையும் ஒரே ஒரு கூகுள் நாட்காட்டியில். எந்தப் பாதையில் போனாலும் கண்ணாடி அதைத்தான் படிக்கும். போனில் நீங்கள் எழுதுவது சற்று நேரத்தில் கண்ணாடிக்கு வந்துவிடும். மாமாவின் மாத்திரை, தினமும் திரும்ப வரும் நிகழ்வு. ராகுகாலத்துக்குத் தனிச் செயலி தேட வேண்டாம். வழக்கமான நாட்காட்டிக் கணக்குப்படி திங்கள் 7.30–9, செவ்வாய் 3–4.30, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, வெள்ளி 10.30–12, சனி 9–10.30, ஞாயிறு 4.30–6 என்று ஏழு நிகழ்வுகளை எழுதி, வாரந்தோறும் திரும்ப வரும்படி வைத்தால் ஆயுளுக்கும் போதும். உங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவின் தேதியையும் வருடம் ஒருமுறை போட்டுவிடுங்கள். தண்ணீரும் பாவும் ஒழுங்கான கணக்கில் வருவதில்லை. ஆகவே நாட்காட்டியை வீட்டில் எல்லோர் போனிலும் பகிர்ந்துகொள்ளுங்கள். பாவு வரும் செய்தி உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் தெரிந்தால் அவர் தறிக்கூடத்தில் இருந்தே எழுதிவிடுவார். மகள் திருநெல்வேலியில் இருந்தபடியே தன் பரீட்சைத் தேதிகளைப் போடுவாள். எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கண்ணாடி முன் நிற்பவருக்கு, வெளியூரில் இருக்கிற பிள்ளையின் நாளும் தெரிகிறது.

ஒரே ஒரு கண்டிப்பு. பட்டாசல் என்பது வந்தவர் போனவர் எல்லோரும் உட்காரும் இடம். பணம் தொடர்பான எதையும், பெண்பிள்ளை தனியாக எங்கே எப்போது போகிறாள் என்பதையும் அதில் காட்ட வேண்டாம். கேமரா, மைக் இரண்டையும் பொருத்தவே வேண்டாம். முகத்தை அடையாளம் கண்டு பெயர் சொல்லி வரவேற்கும் கண்ணாடி வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். உடை திருத்தும் இடத்தில், இணையத்தோடு இணைந்த கேமரா ஒன்று ராப்பகலாக விழித்திருப்பதை எந்தக் குடும்பத்துக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தப் பதிலைப் படித்துவிட்டு அதே வாசகி மேலும் சில சந்தேகங்களை அனுப்பியிருந்தார்.

கேள்வி: கண்ணாடியில் எல்லாம் இடவலம் மாறித்தானே தெரியும்? எழுத்தும் திரும்பித் தெரியாதா?

பதில்: தெரியாது. உங்கள் முகம் பிரதிபலித்து வருவதால் இடவலம் மாறுகிறது. எழுத்து பிரதிபலிப்பதில்லை, பின்னாலிருந்து ஊடுருவி நேரே வருகிறது. ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. நீங்கள் இரண்டடி தள்ளி நின்றால் உங்கள் பிம்பம் கண்ணாடிக்குள் இரண்டடி ஆழத்தில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். எழுத்தோ கண்ணாடியின் முகத்திலேயே இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. ஆகவே எழுத்தை முகத்துக்கு நேரே வைக்காமல் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வையுங்கள். மாமாவுக்கும் தெரிய வேண்டும் என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். வரிகள் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: கரண்ட் பில் ஏறுமா? கரண்ட் அடிக்கடி போனால் என்ன ஆகும்?

பதில்: மானிட்டரும் ராஸ்பெரி பையும் சேர்த்து 30 வாட் என்று வையுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 43 யூனிட். இரண்டும் காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் பத்து மட்டும் ஓடினால் 16 யூனிட். நேரத்தைக் குறைக்க டைமர் பிளக் ஒன்று போதும். ஆனால் மானிட்டரை மட்டும் டைமரில் போடுங்கள், கணினியைப் போடாதீர்கள்; அது நாள் முழுக்க ஓடுவதால் 16ஐவிடக் கொஞ்சம் கூடும். மடிக்கணினியானால் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

கரண்ட் திடீரென்று போவது ராஸ்பெரி பையின் மெமரி கார்டுக்கு ஆகாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டுப்போகும், கண்ணாடி எழவே எழாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த இணைப்பில் போடுங்கள். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய அன்றே கார்டை முழுதாக ஒரு பிரதி எடுத்து, இன்னொரு கார்டில் ஏற்றிச் சட்டத்தின் முதுகிலேயே ஒரு உறையில் ஒட்டிவையுங்கள். கெட்டால் மாற்றிச் செருகினால் வேலை முடிந்தது.

கேள்வி: மகன் மூன்றாவது பாதையில்தான் செய்ய வேண்டும் என்கிறான். பொதுத்தேர்வு இருக்கிறதே என்று எனக்குக் கவலை. கண்ணாடியே அவன் கவனத்தைக் கெடுக்காதா?

பதில்: கண்ணாடியில் செய்தி, கிரிக்கெட் ஸ்கோர், வீடியோ எதுவும் ஓட வேண்டாம். தானாக மாறிக்கொண்டே இருக்கும் எதையும் அதில் வைக்காவிட்டால் யாரும் அதன் முன் தேவைக்கு மேல் நிற்க மாட்டார்கள். மகன் மூன்றாவது பாதையைக் கேட்பது எனக்கு மகிழ்ச்சி. அந்தக் கோப்பைத் திருத்தித் திருத்தியே பல பிள்ளைகள் நிரல் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். தடுக்காதீர்கள், தள்ளி மட்டும் வையுங்கள். இப்போது கண்ணாடி, சட்டம், மானிட்டர் வேலைகளை நீங்களும் தச்சருமாக முடியுங்கள். பழைய மடிக்கணினியில் இரண்டாவது பாதையில் ஓடட்டும். நாட்காட்டியும் அதற்குள் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிடும். பெட்டியின் முதுகை ஆணியடித்து மூடாமல் திருகாணியில் வைக்கச் சொல்லுங்கள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த மறுநாள் மடிக்கணினியைப் பிரித்துவிட்டு ராஸ்பெரி பையை அவனே உள்ளே வைக்கட்டும். மானிட்டர், கண்ணாடி, நாட்காட்டி எதையும் மாற்ற வேண்டியிருக்காது.